ஐந்தாம் நாள் பரிவட்டம்

எங்கள் கம்பெனியின் தலைவர் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து, அடுத்தவர் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாள் வரை மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் ஒழுங்காக வேலை பார்க்கவில்லை. அதற்கு முன்பும் பலர் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அப்போதெல்லாம் பார்ப்பதுபோல் பாவனையாவது செய்வார்கள்.

தி.நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் நான்கு மாடிக் கட்டடம். ஒரு டிவி சேனல், பாட்டு உரிமைகள், வருஷத்துக்கு இரண்டு படம், போனில் பார்க்கிற தொடர்கள் என்று மனிதன் பொழுதைத் தொலைக்க என்னவெல்லாம் வேண்டுமோ அத்தனையும் அங்கே தயாராகும். எந்த நிகழ்ச்சி எந்த மணிக்கு என்று கட்டம் போடுவது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாகக் கட்டம் போடுகிறேன். எட்டரை மணித் தொடரில் மாமியாருக்கு நெஞ்சுவலி வந்தால் எதிர்ச் சேனலில் அன்றைக்கு என்ன செய்வார்கள் என்று என்னால் முன்கூட்டியே சொல்லிவிட முடியும். அடுத்த தலைவர் யார் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொண்ட ஒரே ஆள் நான்தான் என்பதில் அப்போது எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. லஸ் பார்க்கில் காலையில் நடக்கிறவர்களுக்குத் தெரிந்திருந்தது. ரிடையரான பாங்க் அதிகாரிகள் நாலு பேர், "எங்காத்துல அந்தச் சேனலே வெக்கறதில்ல" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர்கள், மூன்றாவது சுற்று முடிவதற்குள் எங்கள் கம்பெனிக்கு ஒரு தலைவரை நியமித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். யூடியூபில் ஒருவர் இருந்தார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புத்தகங்களை முதுகுக்குப் பின்னால் அடுக்கிவைத்துக்கொண்டு, நம்பத்தகுந்த வட்டாரம் ஒன்று தன் காதில் ஓதியதாக வாரம் ஒரு பெயர் சொல்வார். அந்த வட்டாரம் யார் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். எங்கள் விளம்பர விற்பனைத் தலைவர்தான். தன் பெயரையே நாலு முறை சொல்ல வைத்தார். சந்தேகம் வரக்கூடாது என்று நடுநடுவே வேறு பெயரும் போட வைத்தார்.

இந்த விளம்பரத் தலைவர் கே.கே. நகர்க்காரர். பார்க்கிறவர்களையெல்லாம் மச்சி என்பார். தன்னைவிட மூத்தவர்களை மட்டும் மாமா என்பார். தலைவர் ஓய்வு என்ற செய்தி வந்த மறுநாளே வாஸ்து நிபுணர் ஒருவரைக் கூட்டிக்கொண்டுவந்து, ஏசி ரிப்பேர் பார்க்கிறவர் என்று சொல்லி, தலைவரின் அறைக்குள் அனுப்பினார். அந்த மனிதர் ஏசியை ஏறிட்டும் பார்க்காமல் மேஜையை ஈசான மூலையிலிருந்து அளந்துகொண்டிருந்ததை டிரைவர் முதல் லிப்ட்காரர் வரை எல்லோரும் பார்த்தார்கள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அளந்து என்ன வந்தது என்றுதான் கேட்டார்கள்.

எங்களை வாங்கியிருந்தவர்கள் மும்பைக்காரர்கள். முடிவு அவர்கள் கையில். ஆனால் பெரியவர் ஒரு பெயர் சொன்னால் தட்டமாட்டார்கள் என்று எல்லோரும் நம்பினோம். பெரியவர் என்றுதான் தலைவரை நாங்கள் சொல்வது. அபிராமபுரத்தில் வீடு, மயிலாப்பூரில் நாலு தலைமுறை. பேச்சு குறைவு. அவர் வாய் திறக்காததால் அவர் செய்கிற ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்து அர்த்தம் கண்டுபிடிப்பதே எங்கள் தொழிலாகிவிட்டது. வெள்ளிக்கிழமை பூஜையில் கற்பூரத் தட்டு அவருக்கு அடுத்து யாரிடம் போகிறது என்பதை வைத்து அந்த வாரத்து நிலவரம் கணிப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை தட்டு தவறிப்போய் கணக்குப் பிரிவுக்குள் நுழைந்துவிட்டது. திங்கட்கிழமை வரைக்கும் அந்தப் பிரிவில் ஒருவர்கூடத் தரையில் கால் பாவி நடக்கவில்லை.

இத்தனை பெயர்கள் அடிபட்டதில் ஒரு பெயர் மட்டும் அடிபடவேயில்லை. எங்கள் நிகழ்ச்சிப் பிரிவின் தலைவி. தெற்கேயிருந்து வந்து உஸ்மான் ரோட்டில் பாத்திரக்கடை வைத்த குடும்பத்துப் பெண். பத்தொன்பது வருஷமாக சேனலில் ஓடின ஒவ்வொரு கதையும் அந்த அம்மாள் கையால் பிறந்தது அல்லது அந்த அம்மாள் கையால் பிழைத்தது. கதாசிரியர் ஓடிப்போனால் உட்கார்ந்து எழுதுவார். நடிகை கோபித்துக்கொண்டால் வீட்டுக்கே போய்ச் சாப்பிட வைத்துக் கூட்டிவருவார். அவரை ஏன் யாரும் சொல்லவில்லை என்று ஒருநாள் கேன்டீனில் கேட்டேன். விளம்பரத் தலைவர் பரிதாபமாக என்னைப் பார்த்தார். "மச்சி, அவங்க இல்லாட்டி சேனல் நின்னுடும். அவங்களப் போய் எப்படி மேல தூக்குறது?"

சுற்றி இருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். அதாவது எவன் போனாலும் ஒன்றும் நிற்காதோ அவனுக்குத்தான் அந்த நாற்காலிக்குத் தகுதி. அந்தக் கணக்கில் எங்கள் அலுவலகத்தில் போட்டி கடுமையாகத்தான் இருந்தது. நானும் அன்றைக்குச் சிரித்துவிட்டு இட்லியைத் தின்றேன். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மயிலாப்பூரில் ஒரு சின்னக் கோயிலில் ஆனி மாதம் திருவிழா. அதில் ஐந்தாம் நாள் உபயம் பெரியவர் குடும்பத்தினுடையது. அவர் அப்பா காலத்திலிருந்து ஐந்தாம் நாள் சாயங்காலம் அலங்காரமும் புறப்பாடும் அவர்கள் செலவு; குடும்பத்துத் தலைவருக்குப் பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, சாமிக்கு முன்னால் நடக்க வைப்பார்கள். அந்த வருஷம் பெரியவருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகி நாலு நாள்தான் ஆகியிருந்தது. தூசியும் கற்பூரப் புகையும் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் கிடையாது, மகள் வெளிநாட்டில். யாரையாவது தன் சார்பில் அனுப்பவேண்டும். அவர் அனுப்பச் சொன்னது அந்த அம்மாளைத்தான்.

இது எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த அம்மாள்தான் மூன்று மணிக்கு என் அறைக்கு வந்து சொன்னார். பெரியவர் காலையில் போன் செய்து, நீ எங்காத்துப் பொண்ணு மாதிரி, நீ போய் நில்லு என்றாராம். ஆனால் அன்று இரவு ஓடவேண்டிய எபிசோட் இன்னும் முடியவில்லை. கதாநாயகி கேரவனைவிட்டு இறங்க மறுத்துவிட்டாள், கையிருப்பில் ஒரு எபிசோட்கூட இல்லை. அவர் வளசரவாக்கம் போனால்தான் படப்பிடிப்பு நடக்கும். பெரியவருக்கு நாலு தடவை போன் போட்டிருக்கிறார். கண்ணுக்கு ஆகாதென்று அவர் வீட்டு மாமி போனை வாங்கி வைத்துவிட்டார் போலிருக்கிறது, எடுக்கவில்லை.

"நீங்க போயிட்டு வந்துடுங்க. பிரசாதம் குடுக்கிறப்ப அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க, எபிசோட் வரல, அதனாலதான் நான் வரலேன்னு. மறந்துடாதீங்க. அவர் மனசு கஷ்டப்படும்."

மறக்கமாட்டேன் என்று சொன்னேன். அந்த ஒரு வாக்கியம்தான் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த மூன்று மாதத்தில் அந்தக் கம்பெனியில் எவன் கையிலும் இல்லாத சங்கதி அது. பெரியவர் மனதில் இருப்பது யார் என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, பதில் என் அறைக்குள் வந்து நின்று என்னிடமே உதவி கேட்டுவிட்டுப் போனது. அது பதில் என்று எனக்கு அப்போது உறைக்கக்கூட இல்லை.

பெரியவரின் காரே வந்தது. அவருடைய டிரைவர் ஊரூர் குப்பத்து ஆள். எங்கள் கார் ஷெட்டில் நடக்கும் டிரைவர் சபையின் நிரந்தரத் தலைவர். கோயிலில் குருக்கள் உபயதாரர் யார் என்று கேட்டார். பெரியவர் சார்பில் என்று முன்னால் போனேன். குங்குமப்பூ நிறத்தில் ஒரு பட்டுத் துண்டை என் தலையில் சுற்றிக் கட்டினார்கள். கழுத்தில் மாலை, நெற்றி நிறையச் சந்தனம். நாதஸ்வரம் முழங்க, சாமிக்கு முன்னால் நான் நடந்தேன். தெருவில் இருந்தவர்கள் சாமியைக் கும்பிட்டார்கள். வழியில் நான் இருந்ததால் அது எனக்குக் கிடைத்தது போலத்தான் இருந்தது. டிரைவர் பக்கத்திலேயே நடந்து போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தார்.

திரும்பும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தவர், அடையாறு பாலம் விவகாரம், மீன் விலை என்று எதையெதையோ சொல்லிவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார். "சார், இத்தினி வர்சத்துல பெரியவரு பரிவட்டத்த வேற ஆளு தலைல நான் பாத்ததில்ல. இன்னிக்கு உன் தலைல கீது. இதுக்கு மேல இன்னா சார் வோணும்?"

அபத்தம் என்று சொல்லிச் சிரித்தேன். கொஞ்சம் மெதுவாகத்தான் சிரித்தேன்.

அபிராமபுரத்தில் பெரியவர் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். தேங்காய், மாலை, விபூதி எல்லாம் கொடுத்தேன். "அவ வரலையா?" என்றார்.

"வர முடியல சார்."

அடுத்த வாக்கியம் நாக்கு நுனியில்தான் இருந்தது. அதற்குள் அவர், பரிவட்டம் உனக்கா கட்டினா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எங்கப்பா தலையில் இருந்தது, என் தலையில் இருந்தது என்று சொல்லிவிட்டு, உட்காரு என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. மாமி வெள்ளி டம்ளரில் காபி கொண்டுவந்தார். அலங்காரம் எப்படி, கூட்டம் எப்படி என்று அவர் கேட்க, நான் விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். படி இறங்கும்போதுதான் அந்த வாக்கியம் ஞாபகம் வந்தது. சத்தியமாக அந்த நிமிஷம் வரை அது மறதிதான். திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம், பதினான்கு படிதான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று காரில் ஏறினேன்.

மறுநாள் காலையில் வாட்ச்மேன் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். லிப்டில் இரண்டு பேர் எனக்கு வழிவிட்டு இறங்கிக்கொண்டார்கள். வீடியோ டிரைவர் சபையிலிருந்து புறப்பட்டு நாலு மாடியும் ஏறியிருந்தது. கேன்டீனில் எனக்குக் காபி பேப்பர் கப்பில் வருவது நின்று பீங்கான் கோப்பையில் வந்தது. விளம்பரத் தலைவர் நேற்று வரை என்னைக் கட்டம் போடுகிறவர் என்றுதான் சொல்வார். அன்றைக்கு தலைவரே என்று கூப்பிட்டு, ஒரு கூடை பங்கனப்பள்ளி அனுப்பினார். கூடவே, நமக்குள்ள எந்தப் போட்டியும் இல்ல மச்சி, எனக்கு எப்பவுமே உங்க பேருதான் மனசுல என்றார். சாயங்காலமே யூடியூப்காரர், ஆன்மிகப் பின்புலம் கொண்ட ஒருவர் முன்னணியில் இருப்பதாக அறிவித்தார். ஆன்மிகமாம். நான் வருஷத்துக்கு ஒருமுறை கோயிலுக்குப் போனால் அதிகம்.

இவர்களைப் பற்றி நான் இவ்வளவு இளக்காரமாக எழுதுகிறேனே, என்னைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். நான் பட்டப்பகலில் பிடித்தேன். முழுக்கைச் சட்டை இரண்டு தைத்துக்கொண்டேன். மீட்டிங்கில் மற்றவர்கள் பேசி முடித்தபிறகு, கொஞ்சம் இடைவெளி விட்டு, பெரியவரைப்போல ஒரே வாக்கியம் பேசினேன். யாராவது வதந்தியைக் கேட்டால் சேச்சே என்றேன். அந்தச் சேச்சேவை எப்படிச் சொன்னால் ஆமாம் என்று கேட்கும் என்பதையும் கற்றுக்கொண்டேன். பரிவட்டத் துண்டு பெரியவர் வீட்டுக்குப் போகவேண்டிய பிரசாதத்தில் சேர்ந்தது. அதைக் கொடுக்காமல் என் மேஜை டிராயரில் மடித்து வைத்திருந்தேன்.

அந்த வாக்கியத்தை இனி எப்படிச் சொல்வது? சொன்னால், அனுப்பப்பட்டவர் அந்த அம்மாள், நான் வெறும் பதிலி என்பது வெளியே வந்துவிடும். முதல் நாள் அது மறதி. இரண்டாம் நாளிலிருந்து அதற்கு வேறு பெயர்.

அந்த அம்மாள் மறுநாள் பிரசாதம் கொடுத்தாச்சா என்று கேட்டார். கொடுத்தாச்சு என்றேன். அதோடு எல்லாம் சொல்லியாகிவிட்டது என்று நம்பி, கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டார். ஒருநாள் லிப்ட் வாசலில் விளம்பரத் தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பரிவட்ட மகிமையைப் பேசிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாளும் அங்கே நின்றிருந்தார். என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். நானே உண்மையைச் சொல்லிச் சிரிப்பேன் என்று காத்திருந்த புன்னகை அது. லிப்ட் வந்தது, நான் ஏறிவிட்டேன்.

பெரியவர் இரண்டு வாரம் கழித்து அலுவலகம் வந்தார். அந்த அம்மாளோடு சரியாகப் பேசவில்லை. கண் உபத்திரவம், போகிற வருத்தம் என்று அந்த அம்மாள் நினைத்துக்கொண்டார். பிறகு மும்பையிலிருந்து இரண்டு பேர் வந்து, பிரிவுத் தலைவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, யார் வந்தால் நன்றாயிருக்கும் என்று கேட்டார்கள். எனக்கு ஐந்து நிமிஷம் கிடைத்தது. யாருடைய பெயரும் சொல்வது முறையல்ல, இங்கேயே நீண்ட காலம் இருந்தவராக இருந்தால் போதும் என்று அடக்கமாகச் சொன்னேன். சொல்லிவிட்டு நாற்காலியில் நேராக உட்கார்ந்தேன்.

வந்தவர் சோப்பு விற்றவர். மும்பையில் ஒரு பெரிய கம்பெனியில் சோப்பும் ஷாம்பூவும் விற்று நல்ல பெயர் வாங்கியவராம். தமிழ் தெரியாது. முதல் மீட்டிங்கில், எல்லாத் தொடரிலும் மாமியார் இருக்கிறாரே, செலவைக் குறைக்க எல்லாவற்றுக்கும் ஒரே மாமியாராகப் போட முடியாதா என்று கேட்டார். ஏற்கெனவே மாலையோடு ஏர்போர்ட்டுக்குப் போய்வந்திருந்த விளம்பரத் தலைவர், அருமையான யோசனை என்றார். யூடியூப்காரர், நாம் முன்பே சொன்னதுபோல என்று ஆரம்பித்தார். லஸ் பார்க்கில் அதற்குள் வேறு ஒரு கம்பெனிக்குத் தலைவர் தேடத் தொடங்கியிருந்தார்கள். எனக்குக் காபி மறுபடியும் பேப்பர் கப்பில் வந்தது.

அந்த அம்மாளுக்கு மேலே இன்னொருவரை வைத்தார்கள். புதுத் தலைவரின் சோப்பு காலத்து நண்பர். பத்தே நாளில் அந்த அம்மாள் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார்.

பெரியவர் அறையிலிருந்த போட்டோக்களை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து அபிராமபுரத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். பரிவட்டத் துண்டையும் அதிலேயே வைத்தேன். பெரியவரும் மாமியும் மகள் வீட்டுக்கு வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள்; கூடம் முழுக்கப் பெட்டிகள். அந்த அம்மாள் ராஜினாமாக் கொடுத்துவிட்டதைப் பெரியவரிடம் சொன்னேன்.

"அவ பேரத்தான் மும்பைக்காராகிட்ட சொல்றதா இருந்தேன். எங்காத்து ஐஞ்சாம் நாளுக்கு அவளப் போய் நிக்கச் சொன்னேனே, எதுக்குன்னு நெனச்ச? வரல. ஏன் வரலன்னு ஒரு வார்த்தைகூடச் சொல்லல. நம்மள அவ்வளவுதான் மதிக்கறான்னு தோணிடுத்து. அப்பறம் நான் யார் பேரும் சொல்லல."

அப்போது சொன்னேன். எபிசோட் வராததையும், நாலு தடவை போன் செய்ததையும், என்னிடம் சொல்லச் சொன்னதையும், நான் சொல்லாததையும். இழப்பதற்கு ஒன்றும் மீதியில்லாதபோது உண்மை எவ்வளவு சரளமாக வருகிறது. ஒரு வாக்கியம்கூடத் தடங்கவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. அட்டைப்பெட்டியிலிருந்த துண்டை எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார்.

"இத இப்போ எதுக்குடா எங்கிட்ட சொல்ற?" என்றார். அந்த அம்மாளைக் கூப்பிட்டுச் சொல்லட்டுமா என்று கேட்டேன். சொல்லி, கைக்கு வந்தது உன்னால் போச்சு என்று அவளும் தெரிந்துகொண்டு காலமெல்லாம் புழுங்கவா என்று கேட்டுவிட்டு, உள்ளே எழுந்து போய்விட்டார். அன்று மாமி காபி கொண்டுவரவில்லை.

அந்த அம்மாளின் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் கேக் வெட்டி, வழக்கம்போல் பொய் பேசினார்கள். விளம்பரத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் கலைந்த பிறகு அந்த அம்மாள் என் அறைக்கு வந்து, அடுத்த ஆறு வாரக் கதைச் சுருக்கங்களை என் மேஜையில் வைத்தார். இருக்கிறவர்கள் திணறக்கூடாது என்று இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"ஒண்ணு கேக்கணும். அந்த எபிசோட் விஷயம், பெரியவர்கிட்ட சொன்னீங்கல்ல?"

சொன்னேன் என்றேன். நாலு நாளைக்கு முன்னால் சொல்லியிருந்தேன். அதனால் அது பொய்யும் இல்லை.

அவர் தலையை ஆட்டினார். முகத்தில் ஏதோ ஒன்று அடங்கியது.

"அப்போ அவர் அவ்வளவுதான். பத்தொன்பது வருஷம் பாத்தும் தெரியல. நான்தான் நீங்க சொல்லாம விட்டுட்டீங்களோன்னு ரெண்டு மூணு தடவை நெனச்சுட்டேன். உங்களப் போய் சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சிடுங்க."

"பரவாயில்ல மேடம்" என்றேன்.